சம்பந்தியைப் பின்வாசலில் நிறுத்திய ஆப்: தப்பு டேட்டாபேஸிலா, அல்காரிதத்திலா?

ரெண்டாங்கட்டு
வெள்ளி, இரவு 9.52

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் எம்.சி.ஏ. கடைசி வருடம் படிக்கிறேன். பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கும் பெரிய வீடுகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றி, விலாசத்தைத் தட்டினால் வழி காட்டுகிற ஆப் ஒன்றைப் புராஜெக்டாகச் செய்துகொண்டிருக்கிறேன். நம் பக்கம் கதவு எண் சொன்னால் யாருக்குத் தெரியும்? மூன்றெழுத்து, நான்கெழுத்து விலாசம் (குடும்பத்தின் முதலெழுத்துகள்) சொன்னால்தான் டீக்கடையில் கை நீட்டிக் காட்டுவார்கள். அந்த டீக்கடைக்காரர் வேலையை ஆப் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை 212 வீடு சேர்த்திருக்கிறேன். ஒரே டேபிள்: விலாசம், அட்சரேகை, தீர்க்கரேகை, திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா, குறிப்பு.

போன ஞாயிறு சொந்தத்தில் ஒரு கல்யாணம். சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு என்று மாமாவின் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். அவர் சம்பந்தி வீட்டாரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். ஆப் அவரை நேராகப் பின்தெருவுக்குக் கொண்டுபோய், அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற வாசலில் 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லிவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் பதறி எழுந்து நிற்க, பட்டுப்புடவையோடு சம்பந்தியம்மா இறங்க... மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மாமா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது 212 வரிசையையும் ஒவ்வொன்றாக எடுத்து ஹேவர்சைன் சூத்திரத்தில் நேர் தூரம் பார்க்கிறேன். கைடு, 'ஆர்-ட்ரீ இண்டெக்ஸ் போடு, சரியாகிவிடும்' என்கிறார். போட்டால் இந்தத் தப்பு போகுமா?

பேரேடு
வெள்ளி, இரவு 10.40

போகாது தம்பி. இண்டெக்ஸ் என்பது தேடலைச் சுருக்கும் அட்டவணை. பதிலை மாற்றாது, அதே பதிலைச் சீக்கிரம் கொடுக்கும். சம்பந்தியம்மாவை இன்னும் வேகமாகப் பின்வாசலுக்கு அனுப்புவாய்.

212 வரிசைக்கு இண்டெக்ஸே தேவையில்லை, போன் அதை மூச்சு விடுவதற்குள் படித்துவிடும். ஆனால் கைடு சொன்ன ஆர்-ட்ரீ எதற்கு என்று தெரிந்துகொள், வைவாவில் கேட்பார்கள். சாதாரணமாக எல்லா டேட்டாபேஸிலும் இருப்பது பி-ட்ரீ. பேயரும் மெக்ரைட்டும் போயிங்கில் இருந்தபோது செய்தது, கட்டுரை 1972-இல் வந்தது. ஒரே ஒரு சாவியை வரிசைப்படுத்த முடிந்தால் அது பிரமாதம். பெயர் என்றால் அகரவரிசை, தொகை என்றால் ஏறுவரிசை. இடத்துக்கோ எண் இரண்டு. அட்சரேகையில் மட்டும் வரிசைப்படுத்தினால் காரைக்குடிக்குப் பக்கத்தில் மூணாறு வந்து உட்காரும், இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. அதனால்தான் 1984-இல் பெர்க்லியில் குட்மன் ஆர்-ட்ரீயைக் கொண்டுவந்தார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை ஒரு செவ்வகத்துக்குள் அடை, அந்தச் செவ்வகங்களை இன்னொரு பெரிய செவ்வகத்துக்குள் அடை. தேடும்போது வேண்டாத பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சரி, அதை விடு. ஒவ்வொரு வீட்டுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை எங்கே நின்று எடுத்தாய்?

ரெண்டாங்கட்டு
வெள்ளி, இரவு 10.58

வளவுக்கு நடுவில் நின்று எடுத்தேன் அண்ணே. முகப்பிலும் பட்டாலையிலும் சிக்னல் திணறியது. வளவு திறந்த வெளி, மேலே வானம் தெரியும். போன் கொடுத்ததை 14 தசம இடத்தோடு அப்படியே சேமித்தேன். எவ்வளவு துல்லியமோ அவ்வளவு நல்லதுதானே?

ஊரணிக்கரை
சனி, காலை 6.20

வளவில் நின்றதுதான் வினை தம்பி.

முதலில் தசமத்தை முடிப்போம். ஐந்தாவது தசம இடம் என்றால் தரையில் சுமார் 1.1 மீட்டர். ஏழாவது இடம் வந்தால் ஒரு சென்டிமீட்டர். 14-ஆவது இடத்தில் நீ ஒரு நானோமீட்டரை, சில அணுக்களின் அகலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாய். போன் ஜிபிஎஸ் திறந்த வானத்தின் கீழேயே ஏறத்தாழ 5 மீட்டர் தள்ளிக் காட்டும், உயரமான சுவர் நடுவில் சிக்னல் பட்டுத் தெறித்தால் அதற்கும் மேலே. ஆறு இடம் போதும், மீதி வெறும் அலங்காரம்.

இப்போது உன் சம்பந்தி விஷயம். வழி காட்டும் நிரலுக்குப் புள்ளியைக் கொடுத்தால், அது முதலில் அந்தப் புள்ளியைப் பக்கத்தில் இருக்கிற தெருவில் கொண்டுபோய் ஒட்டவைக்கும். அதற்குத் தெருக்கள்தான் தெரியும், வீட்டுக்குள் நடக்கத் தெரியாது. நம் வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறது. நீ நடுவில் நின்றுவிட்டாய். முன்தெரு 29 மீட்டர், பின்தெரு 28 மீட்டர் என்று வந்தால் பின்தெரு ஜெயிக்கும். ஜிபிஎஸ் நாளைக்கு வேறு பக்கம் 5 மீட்டர் நகர்ந்தால் முன்தெரு ஜெயிக்கும். நாணயம் சுண்டிப் போட்ட மாதிரிதான்.

யார் வேண்டுமானாலும் வரையலாம் என்கிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் நான் பள்ளத்தூர் பக்கம் சில வருடமாக வரைகிறேன். அதில் வீட்டின் சுற்றுச்சுவரை வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே வாசலுக்குத் தனிப் புள்ளி வைக்கலாம், எது தலைவாசல் என்றும் குறிக்கலாம். நீயும் வாசலில் நின்று எடு.

தாமிரக்கம்பி
சனி, காலை 8.05

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கோட்டையூரில் ஓய்வாக இருக்கிறேன். டேட்டாபேஸ் எனக்குத் தூரம். ஆனால் இந்த இழையைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் இது அப்படியே சர்க்யூட் போர்டு கணக்கு.

போர்டில் இரண்டு பின்னை (பாகங்களின் உலோகக் கால்) கம்பியால் இணைக்க வேண்டும். நடுவில் மற்ற பாகங்கள் உட்கார்ந்திருக்கும், அவற்றைத் துளைத்துக்கொண்டு கம்பி போகாது. இதற்கு 1961-இல் லீ என்பவர் ஒரு வழி எழுதினார். போர்டைக் கட்டம் கட்டமாகப் பிரி. தொடங்கும் கட்டத்தைச் சுற்றி இருப்பவற்றுக்கு 1 போடு, அவற்றைச் சுற்றி இருப்பவற்றுக்கு 2 போடு. ஊரணியில் கல் எறிந்தால் அலை விரிகிற மாதிரி எண் பரவிக்கொண்டே போகும். பாகம் இருக்கும் கட்டத்தில் அலை நுழையாது, சுற்றிக்கொண்டு போகும். சேர வேண்டிய கட்டத்தை அலை தொட்டதும், எண் ஒவ்வொன்றாகக் குறைகிற பக்கமாகத் திரும்பி நட. அதுதான் இருப்பதிலேயே குறுகிய வழி.

இப்போது உன் ஊரை மேலே இருந்து பார். நேர் கோடாகத் தெருக்கள், நடுவில் நீள நீளமாக ஐ.சி. சிப் மாதிரி வீடுகள், வரிசையின் கடைசியில்தான் குறுக்குச் சந்து. முகப்பில் இருந்து பின்வாசலுக்கு ஹேவர்சைன் சொல்லும் தூரம் வேறு, அலை சுற்றிக்கொண்டு போய்ச் சேரும் தூரம் வேறு. சிப்பில் கம்பி குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஓடும், சாய்வாக ஓடுவது அபூர்வம். அப்படி அளக்கும் தூரத்துக்கு மன்ஹாட்டன் தூரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கானாடுகாத்தான் தூரம் என்று வைத்திருக்கலாம், யாரும் நம்மைக் கேட்கவில்லை.

இன்னொன்று. டைக்ஸ்ட்ரா பெயரைக் கேட்டிருப்பாய். 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைக்குப் போய்விட்டு, காபி குடிக்க உட்கார்ந்த இருபது நிமிடத்தில் பேப்பர் பேனா இல்லாமல் யோசித்த அல்காரிதம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆர்மாக் என்ற புதுக் கணினியைச் சாதாரண ஜனங்களுக்குக் காட்ட 64 டச்சு ஊர்களுக்கு நடுவில் குறுகிய வழி கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஆனால் அதை 1959-இல் கட்டுரையாகப் போட்டபோது கூடவே இன்னொரு கணக்கையும் சேர்த்தார். எல்லாப் புள்ளிகளையும் மொத்தத்தில் மிகக் குறைந்த நீளத்தில் இணைப்பது எப்படி? எக்ஸ்-1 கணினியின் பின்பலகையில் எத்தனையோ பின்களை இணைக்க வேண்டியிருந்தது, தாமிரக் கம்பி வீணாகக் கூடாது. ஊருக்கு வழி, போர்டுக்குக் கம்பி, இரண்டும் ஒரே சின்னக் கட்டுரையில். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று புரிந்ததா?

பேரேடு
சனி, காலை 9.30

ஐயா, இதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். குட்மன் தன் ஆர்-ட்ரீயை எதை வைத்துச் சோதித்தார் தெரியுமா? ஊர் வரைபடம் இல்லை. பெர்க்லியிலேயே செய்த ரிஸ்க்-2 சிப்பின் லேஅவுட்டில் இருந்த செவ்வகங்களை வைத்து. உங்கள் சர்க்யூட்டில் வளர்ந்த பிள்ளைதான் இன்றைக்குப் பல மேப் ஆப்பில் வேலை பார்க்கிறது.

நம் ஊர் வீடுகளும் செவ்வகமே, அதனால் பெட்டி கச்சிதமாகப் பொருந்தும் என்று நினைக்கலாம். பொருந்தாது. ஆர்-ட்ரீ பெட்டியின் பக்கங்கள் வடக்கு தெற்கு, கிழக்கு மேற்காகத்தான் நிற்கும். தெரு கொஞ்சம் சாய்ந்திருந்தால் நீளமான வீட்டுக்குப் பெட்டி தொளதொளவென்று ஆகி, பக்கத்து வீட்டுப் பெட்டியின் மேல் ஏறிக்கொள்ளும். பெட்டி சொல்வது 'இங்கே இருக்கலாம்' என்பது மட்டும்தான், பிறகு உண்மையான சுவர்க் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கந்தரப்பம்
சனி, காலை 10.10

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் அப்பத்தாவுக்கு நகரத்தாரின் ஒன்பது நகரக்கோயிலையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமாம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எந்த வரிசையில் போனால் பெட்ரோல் மிச்சம்? இதற்கு அல்காரிதமே கிடையாது, உலகம் அழிகிற வரை கணினி ஓடும் என்று காலேஜில் பயமுறுத்தினார்கள்.

பேரேடு
சனி, காலை 10.25

ஒன்பதுக்கு யாரும் அழிய மாட்டார்கள். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தால், திசையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 20,160 வரிசைதான். காரைக்குடியில் வீட்டில் இருந்து கிளம்பித் திரும்புவதானால் 1,81,440. எல்லாவற்றையும் முயன்று பார்த்தாலும் போன் ஒரு விநாடிக்குள் முடித்துவிடும். முப்பது கோயில் என்று சொன்னால்தான் பயம் வரும்.

உண்மையான சிக்கல் தூரம் இல்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள். 12 மணிக்கு எந்தக் கோயில் வாசலில் நிற்கிறாய் என்பதுதான் கணக்கு. இருப்பதிலேயே குறுகிய வழி, இரண்டு கோயிலில் அப்பத்தாவைச் சாத்திய கதவுக்கு முன்னால் உட்காரவைக்கும். நேரத்தையும் நிபந்தனையாகக் கொடுத்துத் தேடு.

கந்தரப்பம்
சனி, காலை 10.31

சாத்தியிருந்தால் அப்பத்தா திட்டுவது அல்காரிதத்தை இல்லை, என்னை. நன்றி.

ரெண்டாங்கட்டு
சனி, மாலை 5.45

அந்தக் கல்யாண வீட்டில் போய் அளந்தேன். முகப்பில் இருந்து பின்வாசல் நேராக 58 மீட்டர். தெருவைச் சுற்றி நடந்தால் 410 மீட்டர். சம்பந்தியம்மா அந்த 410-ஐயும் வெயிலில் நடந்திருக்கிறார்.

அண்ணே, வாசலைச் சேர்ப்பதற்காக அதே டேபிளில் 'முன்வாசல் அட்சரேகை', 'பின்வாசல் அட்சரேகை' என்று நான்கு காலம் (டேபிளின் நெடுவரிசை) கூட்டிவிட்டேன். சரிதானே?

பேரேடு
சனி, இரவு 8.15

சரியில்லை. பக்கவாட்டில் சந்து வாசல் இருக்கிற வீடு வந்தால் இன்னும் இரண்டு காலம் கூட்டுவாயா? வீட்டுக்கு ஒரு டேபிள், வாசலுக்குத் தனி டேபிள். ஒவ்வொரு வாசல் வரிசையிலும் எந்த வீடு, எந்தத் தெரு, விருந்தாளி வாசலா வேலை வாசலா என்று எழுது. 1970-இல் காட் என்பவர் ஐபிஎம்மில் இருந்து எழுதிய ரிலேஷனல் மாடல் இதற்குத்தான்.

எங்கள் ஐயா பர்மாவில் லேவாதேவிக் கடையில் இருந்தவர். அவர் சொல்லி எனக்குத் தெரிந்த கணக்கு இது. அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே சிட்டையில் எழுதுவார்கள். அப்புறம் அதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்த்து எழுதுவார்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால் பேரேட்டைப் புரட்டினால் போதும். பேரேடு நனைந்து போனாலும் சிட்டை இருந்தால் திரும்ப எழுதிவிடலாம். இன்றைக்கு டேட்டாபேஸில் ரைட்-அஹெட் லாக் என்று பெரிய பெயரில் படிக்கிறோமே, அது சிட்டை. டேபிளும் இண்டெக்ஸும் பேரேடு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பூட்டுச்சாவி
ஞாயிறு, காலை 7.10

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது கேட்கிறேன். தம்பி, உன் டேபிளில் 'பூட்டியிருக்கிறது' என்று ஒரு காலம் இருக்கிறதே, அதை யார் பார்ப்பார்கள்?

நான் சென்னையில் இருக்கிறேன். எங்கள் வீடு வருடத்தில் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் ஏதாவது விசேஷத்துக்கும்தான் திறக்கும். உள்ளே பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பாத்திரம் பண்டம் எல்லாம் இருக்கின்றன. சில வருடத்துக்கு முன் ஒரு முறை பின்வாசல் தாழ்ப்பாளைக் கழற்றி உள்ளே வந்து, வெண்கல அண்டாக்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் இல்லாத வீடு எது, பின்வாசல் எந்தத் தெருவில் என்று ஒரே திரையில் காட்டுகிற ஆப்பை நீ செய்துகொண்டிருக்கிறாய். சம்பந்தியை விட அதைத் தேடுகிறவன் அதிகம்.

ரெண்டாங்கட்டு
ஞாயிறு, காலை 7.48

ஐயோ, எனக்கு அப்படி எண்ணமே இல்லை. பூட்டிய வீட்டுக்குப் போய் ஏமாறக் கூடாது என்றுதான் வைத்தேன். சரியான இடத்தைக் காட்டாமல் தெருவை மட்டும் மங்கலாகக் காட்டினால் பரவாயில்லையா?

ஊரணிக்கரை
ஞாயிறு, காலை 8.30

அண்ணன் சொல்வது நியாயம். ஆனால் முழுக்க மூடிவைக்கவும் எனக்கு மனம் இல்லை. எந்த வீடு எங்கே இருந்தது என்று யாரும் எழுதிவைக்காததால்தான் இடித்து விற்ற வீட்டுக்குக் கணக்கே இல்லாமல் போகிறது. வாசலும் சுவரும் தெருவில் நின்றால் எல்லோருக்கும் தெரிகிறது. பூட்டு மட்டும்தான் வேறு விஷயம்.

பேரேடு
ஞாயிறு, காலை 9.05

மங்கலாக்குவது உதவாது. கே-அனானிமிட்டி என்று ஒன்று இருக்கிறது. ஒருவரைக் குறைந்தது இன்னும் சிலரோடு கலந்துவிட்டால் தனியாகப் பிடிக்க முடியாது என்ற எண்ணம். நம் ஊரில் அது படுத்துவிடும். ஒரு தெருவில் பத்து வீடு, பத்தும் பூட்டு. 'இந்தத் தெருவில் ஏதோ ஒரு வீடு' என்று நீ மறைத்தாலும், எந்த வீட்டுக்குப் போனாலும் பூட்டுதானே? கலந்த கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பதில் என்றால் மறைப்பே இல்லை. 2006-இல் எல்-டைவர்சிட்டி என்று தனிக் கட்டுரையே இந்த ஓட்டைக்காக எழுதினார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஆப்பைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கெங்கே போனார்கள் என்று நீ லாக் எழுதுகிறாயா? 2013-இல் 15 லட்சம் பேரின் செல்போன் தடத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். பெயர் இல்லாத தரவுதான். இருந்தும் எந்த நேரத்தில் எந்த இடம் என்ற நான்கே நான்கு குறிப்பு 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதுமானதாக இருந்தது.

அதனால் அந்தப் 'பூட்டியிருக்கிறது' காலத்தை எடுத்துவிடு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு காலத்தை நீக்கினால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, பழைய வரிசைகளில் தரவு அப்படியே கிடக்கும். டேபிளைத் திரும்ப எழுதவைத்தால்தான் போகும். பேக்கப், பழைய பதிப்புகளையெல்லாம் வைத்திருக்கும் கிட் ஹிஸ்டரி எல்லாவற்றையும் பார். பேரேட்டில் அடித்தாலும் சிட்டையில் இருக்கும்.

பூட்டுச்சாவி
ஞாயிறு, காலை 9.20

நன்றி. கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், தம்பி மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பின்வாசலையும் விருந்தாளிக்குக் காட்டாதே, வேலை வாசல் என்று குறித்ததெல்லாம் வீட்டுக்காரர் போனில் மட்டும் தெரியட்டும்.

தாமிரக்கம்பி
ஞாயிறு, மாலை 4.40

எல்லோரும் 'புள்ளி', 'புள்ளி' என்கிறீர்கள். நகரத்தார் வீட்டில் புள்ளி என்றால் என்ன என்று யோசித்தீர்களா? கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் கோயிலுக்கு ஒரு புள்ளி. புள்ளி வரி அதன்படிதான். ஒரே வளவில் கல்யாணமான நாலு மகன் என்றால் அவர்களுக்கே நாலு புள்ளி. இவன் வீட்டையே ஒரு புள்ளியாக வைத்திருக்கிறான்.

ரெண்டாங்கட்டு
இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 9.15

ஐயா சொன்னது அன்றைக்கு வேடிக்கையாகத் தெரிந்தது, பிறகுதான் கடித்தது. ஒரு வீடு, உள்ளே மூன்று பங்காளிகள், மூன்று விலாசம், முகப்பு ஒன்று. இன்னொரு இடத்தில் ஒரே விலாசத்துக்கு இரண்டு வீடு. அதனால் விலாசத்துக்கும் தனி டேபிள், நடுவில் இணைப்பு டேபிள். இப்போது 212 வீடு, 437 வாசல், 266 விலாசம். பூட்டு காலம் போயிற்று, டேபிளையும் திரும்ப எழுதிவிட்டேன், கிட் களஞ்சியத்தைப் புதிதாகத் தொடங்கினேன். லாக் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன்.

வழி தேடுவது தெரு வழியாக, விருந்தாளி வாசலுக்கு. கைடு கேட்டாரே என்று ஆர்-ட்ரீயும் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மாமாவை வைத்து நேற்று சோதித்தேன். சரியாக முகப்பில் நிறுத்தியது. ஆனால் தெரு குறுகல், அவர் காரை நிறுத்தப் போய்ப் பின்னால் வந்த வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. காரை எங்கே நிறுத்துவது என்று ஆப் ஏன் சொல்லவில்லை என்கிறார்.

ஊரணிக்கரை
சனி, இரவு 9.34

ஊரணிக்கரையில் நிறுத்தச் சொல். கிழக்குக் கரை வேண்டாம், மழை பெய்தால் டயர் புதையும்.